செக் என்ஜின் லைட் மின்னினால்: புளியரை ஏற்றத்தில் மிஸ்பயரைப் பிடிக்கும் வழி

செக் என்ஜின் லைட் நிலையாக எரிந்தால் ஏதோ ஒரு பழுது பதிவாகியிருக்கிறது. வண்டி மற்றபடி ஒழுங்காக ஓடினால் வீடு போய்ச் சேர்ந்து நிதானமாகப் பார்க்கலாம். அதே விளக்கு விட்டு விட்டு மின்னினால் அவ்வளவு அவகாசம் கிடையாது. அந்த நேரத்திலேயே ஒரு சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் பச்சையாகச் சைலன்சருக்குள் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் பேச்சில் இதை 'மிஸ்ஸிங்' என்போம், ஸ்கேனரில் மிஸ்பயர் என்று வரும்.

செங்கோட்டையில் என் ஒர்க்‌ஷாப்புக்கு இந்தப் புகாரோடு வரும் வண்டிகளில் பெரும்பாலானவை கேரள எல்லையை நோக்கி மலையேறும் புளியரை ஏற்றத்தில் மின்ன ஆரம்பித்தவை, இல்லையென்றால் அந்தப் பக்கம் கேரளாவில் தென்மலையிலிருந்து ஆரியங்காவுக்கு ஏறும்போது மின்னியவை. வருகிறவர்கள் சொல்வதும் ஒன்றுபோலவே இருக்கும்: "அண்ணாச்சி, லைட்டு மின்னுச்சு, ஆனா வண்டி நிக்கல. அதான் அப்படியே ஓட்டிட்டு வந்துட்டேன்." சிலர் வரும் வழியிலேயே யாரோ சொன்னார்கள் என்று நான்கு பிளக் (சிலிண்டருக்குள் தீப்பொறி விடுவது), நான்கு காயில் (அந்தத் தீப்பொறிக்கு வோல்டேஜ் கொடுப்பது), ஒரு சென்சார் வரை மாற்றிவிட்டு வந்து நிற்பார்கள். பழுது அப்படியே இருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மிஸ்பயரில் பார்ட்ஸ் வாங்குவது கடைசி வேலை. எப்போது மின்னுகிறது என்று கவனிப்பது முதல் வேலை. சந்தேகப்படும் பொருளை வேறு சிலிண்டருக்கு இடம் மாற்றி, பழுதும் கூடவே போகிறதா என்று பார்ப்பது இரண்டாவது வேலை.

இங்கே சொல்வது பெட்ரோல் வண்டிக்கும், பெட்ரோலோடு சிஎன்ஜி உள்ள வண்டிக்கும் பொருந்தும். டீசலில் ஸ்பார்க் பிளக்கும் கிடையாது, இக்னிஷன் காயிலும் கிடையாது. அதில் மின்னும் விளக்குகளுக்குக் கணக்கே வேறு.

விளக்கு எப்படிக் கண்டுபிடிக்கிறது

என்ஜினின் சுழலும் தண்டான கிராங்க்கோடு சுற்றும் ஒரு பல் சக்கரத்தை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நான்கு சிலிண்டர் என்ஜினில் கிராங்க் அரைச் சுற்று சுற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு சிலிண்டர் வெடித்துத் தள்ளிவிடும். ஒரு வெடிப்பு தவறினால் அந்த அரைச் சுற்றில் வேகம் கொஞ்சம் குறையும். நமக்கு அது உதறலாகத் தெரியும். கம்ப்யூட்டருக்குப் பற்களுக்கு இடையிலான நேர வித்தியாசமாகத் தெரியும். எந்தச் சிலிண்டரின் முறை தவறியது என்றும் அதற்குத் தெரியும். பொதுவாக 200 சுற்றுக்கு ஒரு கணக்கும் 1000 சுற்றுக்கு ஒரு கணக்கும் வைத்திருக்கும். புகை அளவைக் கெடுக்கும் அளவுக்குத் தவறினால் நிலையாக எரியும். 200 சுற்றுக்குள், சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரையே கெடுக்கும் அளவுக்குத் தவறினால் மின்னும்.

கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு போன்ற பீங்கான் துண்டு இருக்கிறது. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். சாதாரணமாக 400 முதல் 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது வேலை செய்யும். பச்சைப் பெட்ரோல் அங்கே போய் எரிந்தால் சூடு ஆயிரத்தைத் தாண்டிவிடும். பூச்சு போகும், பிறகு பீங்கானே உருகி அடைத்துக்கொள்ளும். அதற்கப்புறம் காயிலை மாற்றினாலும் வண்டிக்கு இழுவை வராது. ஒரு காயில் சில ஆயிரத்தில் முடியும், கன்வெர்ட்டர் பல ஆயிரங்களைக் கேட்கும். "வண்டி நிக்கல, ஓட்டிட்டு வந்துட்டேன்" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிப்பது இதனால்தான்.

வண்டி தன் பழுதைத் தானே கண்டுபிடித்துப் பதியும் ஓபிடி-2 முறை இந்தியாவில் 2013 ஏப்ரலில்தான் பிஎஸ்-4 புகை விதிக்கு உட்பட்ட கார்களுக்குக் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டி வைத்திருந்தால் விளக்கு மின்னாமலேயே மிஸ் ஆகலாம். உதறலையும் சைலன்சர் சத்தத்தையும்தான் நம்ப வேண்டும்.

மலையில் மின்னியவுடன்

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஏசியை அணையுங்கள். பாதிப் பேர் இதற்கு நேர்மாறாக, "அழுத்தி மிதித்தால் அடைப்பு போய்விடும்" என்று மிதிக்கிறார்கள். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. இன்றைய வண்டியில் கன்வெர்ட்டரைக் கொல்வதற்கு அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

புளியரை எஸ் வளைவில் நிறுத்தாதீர்கள். மணலும் கல்லும் ஏற்றிய லாரி பின்னாலேயே வந்துகொண்டிருக்கும், அதற்கு உங்கள் வண்டி தெரியும்போது தூரம் போதாது. மெதுவாக உருட்டி, அகலமான இடம் வந்ததும் ஒதுங்குங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். காய்ந்த புல்மேல் நிறுத்த வேண்டாம். மிஸ் ஆன வண்டியின் அடிப்பாகம் வழக்கத்தைவிட மிகவும் சூடாக இருக்கும்.

கால் எடுத்ததும் மின்னுவது நின்று நிலையான விளக்காக மாறினால், லேசான மிதியில் பக்கத்து ஊர் வரை போகலாம். எந்தப் பக்கம் போவது என்பதில் ஒரு யோசனை: இறக்கமான பக்கம் போங்கள். பாதி ஏற்றத்தில் மின்னினால் புனலூர் போயே தீர வேண்டும் என்று அடம் பிடிக்காமல், பாதுகாப்பாகத் திருப்ப முடிகிற இடத்தில் திருப்பி செங்கோட்டைக்கு இறங்குங்கள். ஏற்றம் முடியும் கோட்டைவாசலைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் ஆரியங்காவுப் பக்கம் இறங்குவதே சரி. இறங்கும்போது நியூட்ரல் போடக் கூடாது. கியரிலேயே, ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இறங்கும்போது கம்ப்யூட்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை மூடிவிடும்; பெட்ரோலே போகாதபோது கன்வெர்ட்டருக்கு ஆபத்து கிடையாது. நியூட்ரலில் இறங்கினால் ஐடிலிங்குக்காக (மிதிக்காமலே என்ஜின் மெதுவாக ஓடுவதற்காக) பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும், பிரேக்கும் சூடேறும்.

கால் எடுத்த பிறகும் மின்னிக்கொண்டே இருந்தால், அல்லது ஸ்டீயரிங் அதிரும்படி வண்டி உதறினால், அணைத்துவிட்டுக் கட்டி இழுக்கும் வண்டியைக் கூப்பிடுங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்யவும் கூடாது.

பழுது எண்ணை (கோடு) எடுங்கள், அழிக்காதீர்கள்

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் செருகும் சின்ன புளூடூத் டாங்கிள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, போனில் ஆப் போட்டால் போதும். மலைப்பாதையில் அடிக்கடி போகிறவர்கள் டேஷ்போர்டு பெட்டியில் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படியே போகும். பி0300 என்றால் எந்த ஒரு சிலிண்டர் என்று சொல்ல முடியாதபடி மாறி மாறித் தவறுகிறது. இந்த ஒரு வித்தியாசமே பாதி வேலையை முடித்துவிடும். ஒரே சிலிண்டர் என்றால் அந்தச் சிலிண்டருக்கு மட்டும் உரிய பொருள்களில் பழுது: அதன் காயில், பிளக், இன்ஜெக்டர், வால்வு. எல்லாமே தவறினால் எல்லாவற்றுக்கும் பொதுவானதில் பழுது: பெட்ரோல், பெட்ரோல் பம்ப், காற்றுக் கசிவு, டைமிங் (வால்வு திறந்து மூடும் நேரக் கணக்கு). பழைய வகை காயில் பேக்கில் ஒரு காயில் இரண்டு சிலிண்டருக்குத் தீப்பொறி கொடுக்கும். 1, 4 ஜோடியாகவோ 2, 3 ஜோடியாகவோ தவறினால் அந்தக் காயிலையும் அதற்குப் போகும் ஒயரையும் முதலில் பாருங்கள்.

கோடோடு 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று ஒரு பதிவும் இருக்கும். பழுது பதிவான நேரத்தில் என்ஜின் எத்தனை சுற்று, எவ்வளவு பாரம், கூலன்ட் சூடு எவ்வளவு, வண்டி வேகம் எவ்வளவு என்று அதில் நிற்கும். அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணைந்துவிடும் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அணையும்தான், கூடவே இந்தப் பதிவும் போய்விடும். பிறகு மெக்கானிக் இருட்டில்தான் தேட வேண்டியிருக்கும்.

ஏற்றத்தில் மட்டும் மின்னுகிறது, சமதளத்தில் ஒன்றும் இல்லை

இந்த ஊரில் அதிகம் வரும் அறிகுறி இதுதான். தென்காசி ரோட்டில் வழுக்கிக்கொண்டு போகும் வண்டி, ஐந்து பேரும் பையும் ஏறி, மூன்றாவது கியரில் புளியரை ஏறும்போது வெட்டி வெட்டி இழுக்கும். காரணம் எளிது. மிதி அதிகமாகும்போது சிலிண்டருக்குள் காற்று நிறைய போகிறது, அழுத்தம் கூடுகிறது. அடர்ந்த காற்றில் பிளக் முனையைத் தாண்டித் தீப்பொறி குதிக்க அதிக வோல்டேஜ் வேண்டும். நொடிந்துபோன காயிலோ, தேய்ந்து இடைவெளி விரிந்த பிளக்கோ சமதளத்துக்குப் போதுமானதாக இருக்கும், ஏற்றத்துக்குப் போதாது. தீப்பொறி பிளக் முனையை விட்டுவிட்டு, காயில் ரப்பரில் உள்ள விரிசல் வழியாகப் பக்கத்து இரும்பில் இறங்கிவிடும்.

இடம் மாற்றிப் பார்க்கும் சோதனை இங்கேதான் கைகொடுக்கும். பி0302 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என்ஜின் ஆறட்டும், சாவியை எடுத்துவிடுங்கள். காயில் பெரும்பாலும் ஒரே ஒரு பத்தாம் நம்பர் போல்ட்டில் நிற்கும். ஒயர் செருகியிருக்கும் கப்ளரின் பூட்டை அமுக்கிக் கழற்றுங்கள். பழைய வண்டியில் அந்தப் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி உடையும், அவசரப்படாதீர்கள். இரண்டாவது சிலிண்டர் காயிலில் மார்க்கரால் ஒரு அடையாளம் போட்டு, அதை மூன்றாவதில் மாட்டுங்கள்; மூன்றாவதை இரண்டாவதில் மாட்டுங்கள். கோடை இப்போது அழிக்கலாம், போட்டோ இருக்கிறதே. அப்புறம் வண்டியை ஏற்றத்தில் கொஞ்ச தூரம் மட்டும் ஓட்டிப் பாருங்கள், மின்னியதும் காலை எடுத்துவிட வேண்டும். பி0303 என்று வந்தால் காயில்தான் குற்றவாளி, ஒரு காயில் வாங்கினால் போதும். மறுபடியும் பி0302 வந்தால் காயில் நல்லது. அடுத்து பிளக்கை மட்டும் இடம் மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பொருளைத்தான் மாற்ற வேண்டும். காயிலையும் பிளக்கையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும்.

எது முதல் சிலிண்டர் என்பதில் குழப்பம் வரும். டைமிங் செயின் அல்லது பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்து எண்ணுவதே பெரும்பாலும் வழக்கம். ஆனாலும் உங்கள் வண்டியின் கையேட்டில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளக்கைக் கழற்றினால் அதை நன்றாகப் பாருங்கள், அது நிறையச் சொல்லும். முனை இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் தீப்பொறி வரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ போகிறது. வெளுத்துப் பொரிந்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது அதிகச் சூடு. மற்ற மூன்றும் பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் கூலன்ட் இறங்குகிறதா என்று சந்தேகப்படுங்கள். வெள்ளைப் பீங்கான் உடம்பில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கீறியதுபோல் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால், தீப்பொறி அந்த வழியாக ஓடியிருக்கிறது. அப்படியென்றால் பிளக்கோடு காயில் ரப்பரையும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

பிளக் இடைவெளி பெரும்பாலான வண்டிகளுக்கு 0.7 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும், உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கிறது. இரிடியம் பிளக்கின் மெல்லிய முனையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது. அலுமினிய ஹெட்டில் (சிலிண்டர்களுக்கு மேல் மூடிபோல் நிற்கும் பாகம்) சூட்டோடு பிளக்கைக் கழற்றாதீர்கள், மரை உரிந்துவிடும். மாட்டும்போது கையாலேயே கடைசி வரை திருகி, பிறகுதான் ஸ்பானர். வாஷர் உள்ள புதுப் பிளக் என்றால் கை இறுக்கத்துக்குப் பிறகு அரைச் சுற்று போதும். டார்க் ரென்ச் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

காயில், பிளக் இரண்டும் நல்லதாக இருந்து, எல்லாச் சிலிண்டரும் ஏற்றத்தில் தவறினால் பெட்ரோல் அழுத்தத்தைப் பாருங்கள். பம்ப் தளர்ந்தாலோ ஃபில்டர் அடைத்தாலோ, நிறையக் கேட்கும்போது கொடுக்க முடியாது. ஸ்கேனரில் 'ஃபியூவல் ட்ரிம்' (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஏற்றத்தில் மட்டும் மேலே ஏறிக்கொண்டே போகும். பெட்ரோல் குறைவு என்று சொல்லும் பி0171 கோடும் கூட வரலாம்.

சாரலில் மின்னுகிறது, வெயில் வந்தால் சரியாகிவிடுகிறது

ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் அடிக்கும்போது இந்தப் புகார் கூடும். கொட்டும் மழையைவிட இந்தச் சாரல் வில்லங்கமானது. காற்றோடு பொடியாக வருவதால் பானெட்டின் எந்த இடுக்கிலும் நுழைந்துவிடும். நல்ல காயில் ரப்பர் இதைத் தாங்கும். விரிசல் விட்ட ரப்பர் தாங்காது, ஈரம் வழியாகத் தீப்பொறி கசியும்.

அதிகம் பேர் கவனிக்காத ஒரு காரணம் வைப்பருக்குக் கீழே இருக்கிறது. கண்ணாடியில் வழியும் தண்ணீர் அங்கே ஒரு தகட்டுக் கால்வாயில் விழுந்து இரண்டு ஓரத் துளைகள் வழியாக வெளியேறும். ரப்பர் தோட்டத்திலும் தேக்கு மரத்தடியிலும் நிறுத்தும் வண்டிகளில் அந்தத் துளைகளை இலை அடைத்துவிடும். தண்ணீர் நிரம்பி, சில மாடல்களில் நேராகக் காயில் மேலேயே சொட்டும். தென்மலை, புனலூர்ப் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளில் நான் முதலில் கையை விட்டுப் பார்ப்பது இந்த இடத்தில்தான். இலையை அள்ளிப் போட்டு, துளையில் ஒரு கம்பி விட்டுச் சுத்தம் செய்தால் செலவே கிடையாது.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. இருட்டிய பிறகு வண்டியை ஐடிலிங்கில் விட்டு, பானெட்டைத் திறந்து, பூச்செடிக்குத் தெளிக்கும் கைத்தெளிப்பானால் காயில்களைச் சுற்றிப் பனிபோல் லேசாகத் தெளியுங்கள். நீலமாகச் சின்னப் பொறி தெரிந்தாலோ, குறிப்பிட்ட காயில் பக்கம் தெளிக்கும்போது என்ஜின் உதறினாலோ இடம் தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் எதையும் தொடாதீர்கள். அங்கே ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட். வேட்டி, துண்டு, துப்பட்டா எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

வாட்டர் சர்வீஸ் விட்டுவந்த மறுநாள் மிஸ் ஆகிறதென்றால் பிளக் குழிக்குள் தண்ணீர் நிற்கிறது. காயிலை எடுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றுவதற்கு முன்பே குழியைக் காற்றால் ஊதிக் காயவையுங்கள். முன்பே கழற்றினால் தண்ணீரும் மண்ணும் சிலிண்டருக்குள் விழும். குழியில் தண்ணீருக்குப் பதில் எண்ணெய் நின்றால் என்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவர் பேக்கிங்கோ குழாய் சீலோ கசிகிறது. எண்ணெய் பட்ட ரப்பர் உப்பிக் கிழியும். பேக்கிங்கை மாற்றாமல் காயிலை மட்டும் மாற்றினால் அடுத்த சாரலுக்குத் திரும்ப வருவீர்கள்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் உதறல், சில நிமிடத்தில் தெளிகிறது

முதலில் கூலன்ட் டப்பாவைப் பாருங்கள். அடிக்கடி குறைகிறதா? அண்மையில் மலையேறும்போது வண்டி சூடேறி நின்றதா? இரண்டுக்கும் ஆம் என்றால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் என்ற பேக்கிங் வழியாக இரவெல்லாம் சொட்டுச் சொட்டாகக் கூலன்ட் ஒரு சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம். காலையில் இனிப்பான வாடையோடு வெள்ளைப் புகை நீடித்து வரும். குளிர்ந்த காலையில் எல்லா வண்டியிலும் கொஞ்சம் வெண்புகை வரும்தான், ஆனால் அது சீக்கிரம் நின்றுவிடும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள். இந்தச் சந்தேகம் இருந்தால் மலையேறாமல் முதலில் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். ஒத்திப்போட்டால் ஹெட் வளைந்துவிடும்.

கூலன்ட் குறையவில்லை, பெட்ரோல் வாடை அடிக்கிறது, ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறது என்றால் இன்ஜெக்டர் சொட்டுகிறது. ஷெட்டிலிருந்து வாசலுக்கு எடுத்து உடனே அணைக்கும் பழக்கம் இருந்தாலும் பிளக் நனைந்து மறுநாள் உதறும். அதற்கு மருந்து நல்ல ஓட்டம்தான்.

நிற்கும்போது உதறல், வேகத்தில் சரியாகிறது

எங்கோ கணக்கில் வராத காற்று உள்ளே புகுகிறது. ஐடிலிங்கில் என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான், அதில் ஒரு சின்ன விரிசல் வழியாக வருவதும் பெரிய பங்காகிவிடும். வேகத்தில் அது தெரியாது. ஸ்கேனரில் ஃபியூவல் ட்ரிம் ஐடிலிங்கில் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டலில் நின்று, 2500 சுற்றில் பிடித்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வருகிறதா? அப்படியானால் காற்றுக் கசிவு என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம். பிசிவி ஹோஸ் (என்ஜினுக்குள் சேரும் ஆவியைத் திரும்ப உறிஞ்ச அனுப்பும் குழாய்), பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், இன்டேக் மேனிஃபோல்டு பேக்கிங் மூன்றையும் பாருங்கள். 'உஸ்' என்ற சத்தம் காதுக்கே கேட்கும். கார்புரேட்டர் கிளீனரைச் சூடான என்ஜின்மேல் அடித்துப் பார்க்கும் பழக்கம் பல இடத்தில் இருக்கிறது. தீப்பற்றும், நான் செய்வதில்லை. புகை விட்டுச் சோதிக்கும் கருவி உள்ள இடத்துக்குப் போவது மேல்.

ட்ரிம் சரியாக இருந்தும் ஒரே சிலிண்டர் ஐடிலிங்கில் மட்டும் தவறினால் வால்வு கிளியரன்ஸை (வால்வுக்கு விடும் இடைவெளியை) பாருங்கள்.

பெட்ரோல் போட்டதும் ஆரம்பித்தது

இதில் இரண்டு வகை. டேங்க்கை நிரப்பிய ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் ஆகத் திணறி, கொஞ்சம் உதறி, சில நிமிடத்தில் சரியாகிவிடுகிறது என்றால் பெட்ரோலைக் குறை சொல்லாதீர்கள். டேங்க் ஆவியை என்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கும். அது விலை குறைந்த சின்ன வால்வுதான்.

ஒரு தடவை போட்ட பிறகு, எல்லாச் சிலிண்டரும் தவறி, நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போனால் பெட்ரோலில் தண்ணீர். இப்போது கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் இறங்கும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதானே? கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து வைத்துப் பாருங்கள். கலங்கலாகவோ இரண்டு அடுக்காகவோ தெரிந்தால் டேங்க்கை முழுவதும் இறக்க வேண்டியதுதான். ஏதாவது மருந்தை ஊற்றி ஓட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள், இறக்கிய பெட்ரோலில் ஒரு குப்பியும் வைத்திருங்கள்.

நன்றாகச் சூடேறிய பிறகுதான் வருகிறது

அரை மணி நேரம் ஏறியபின் மின்னும், டீ குடித்துவிட்டு வந்தால் இருக்காது. காயிலுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச் சுற்று சூட்டில் விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். இடம் மாற்றும் சோதனையைச் சூடான வண்டியில்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும், ஆறிய வண்டியில் எல்லாக் காயிலும் நல்லதாகவே தெரியும். உதறலோடு என்ஜின் பட்டென்று அணைந்து, என்ஜின் சுற்றைக் காட்டும் டேக்கோ மீட்டர் முள் சுழியில் விழுந்தால் கிராங்க் சென்சாரைச் சந்தேகப்படுங்கள்.

சிஎன்ஜியில் மட்டும்

பெட்ரோலுக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே சரியாக ஓடினால் முதலில் பிளக்கும் காயிலும்தான். சிஎன்ஜி பற்றுவதற்குப் பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் வேண்டும், தளர்ந்த காயில் முதலில் அங்கேதான் கையை விரிக்கும். அவை நல்லதாக இருந்தால் கேஸ் ஃபில்டர், கேஸ் இன்ஜெக்டர். இரண்டிலும் ஒரே சிலிண்டர் தவறினால் வால்வு சீட் தேய்ந்திருக்கலாம், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பார்க்க வேண்டும்.

வண்டி சில நாள் நின்ற பிறகு

எலி. வயல், தென்னந்தோப்பு ஓரம் நிறுத்தும் வண்டிகளில் இது சாதாரணம். இன்ஜெக்டர், காயிலுக்குப் போகும் ஒயர்களை டார்ச் அடித்துப் பாருங்கள். இன்ஜெக்டர் மின்சுற்றைச் சொல்லும் பி0201 முதல் பி0204, அல்லது காயில் மின்சுற்றைச் சொல்லும் பி0351 முதல் பி0354 வரையான கோடுகள் கூட வந்தால் ஒயர்தான் என்று நினைத்துக்கொண்டே தேடலாம். முறுக்கி டேப் சுற்றுவது இந்த ஊர் ஈரத்துக்கு நிற்காது. ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாய் போடச் சொல்லுங்கள்.

காயிலும் இல்லை, பிளக்கும் இல்லை

காயிலையும் பிளக்கையும் இடம் மாற்றியும் கோடு அதே சிலிண்டரில் நிற்கிறது என்றால் இன்ஜெக்டர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையை இன்ஜெக்டரில் வைத்தால் 'டிக் டிக்' என்று கேட்கும். ஒன்று மட்டும் மௌனமாக இருந்தால் கப்ளருக்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டரில் அளந்தால் சாதாரண இன்ஜெக்டர் பெரும்பாலும் 11 முதல் 16 ஓமுக்குள் காட்டும். மற்ற மூன்றோடு ஒப்பிட்டாலே போதும். சில மெக்கானிக்குகள் ஓடும் வண்டியில் காயிலைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். அப்படிச் செய்தால் பச்சைப் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குப் போகும், கையிலும் ஷாக் அடிக்கும். இன்ஜெக்டர் கப்ளரைக் கழற்றச் சொல்லுங்கள். நல்ல சிலிண்டரின் கப்ளரைக் கழற்றினால் உதறல் கூடும், கெட்ட சிலிண்டரில் ஒரு மாற்றமும் இருக்காது.

அதிலும் பிடிபடாவிட்டால் கம்ப்ரஷன். எல்லாப் பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் தீப்பொறியையும் துண்டித்து, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துச் சுற்ற வேண்டும். பெரும்பாலான பெட்ரோல் என்ஜின்களில் 150 முதல் 200 பிஎஸ்ஐ வரை வரும், ஆனால் எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். இந்த இடத்துக்கு வந்துவிட்டால் வீட்டு வாசலில் செய்யும் வேலை முடிந்தது, என்ஜினைத் திறக்கத் தெரிந்த கைக்குப் போக வேண்டும்.

சரிசெய்த பிறகு

கோடை அழித்துவிட்டு, பழுது வந்த அதே நிலைமையில் ஓட்டிப் பாருங்கள். ஏற்றத்தில் வந்ததைச் சமதளமான இலஞ்சி ரோட்டில் ஓட்டிப் பார்த்து "சரியாகிவிட்டது" என்று வாங்கிக்கொள்ளாதீர்கள். அதே ஆள், அதே பாரம், அதே கியரில் புளியரை ஏறி கோட்டைவாசல் வரை போகச் சொல்லுங்கள், நீங்களும் கூட ஏறிக்கொள்ளுங்கள். டாங்கிளில் ஒவ்வொரு சிலிண்டரின் மிஸ்பயர் எண்ணிக்கையையும் காட்டும் ஆப் இருந்தால் ஓடும்போதே பார்க்கலாம். நான்கும் சுழியில் அல்லது சுழிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அடுத்த சில வாரம், கன்வெர்ட்டரின் திறன் குறைந்ததைச் சொல்லும் பி0420 வருகிறதா என்று கவனியுங்கள். மின்னியபடி ஓட்டிய தூரத்தில் கன்வெர்ட்டர் அடிபட்டிருந்தால் அந்தக் கோடாகத்தான் வெளியே வரும். சைலன்சரைக் கையால் தட்டினால் உள்ளே கல் உருள்வதுபோல் சத்தம் கேட்டாலும், மிஸ்ஸிங் போன பிறகும் மேட்டில் இழுவை இல்லாமல் மூச்சு முட்டினாலும் அதையே சோதிக்கச் சொல்லுங்கள். ஆறிய வண்டியில், வெறுங்கையால் தொடுகிற அளவு ஆறிய பிறகு தட்டுங்கள்.

கழற்றிய பழைய காயிலையும் பிளக்கையும் கேட்டு வாங்கி, எந்தச் சிலிண்டர், எத்தனை கிலோமீட்டரில் கழற்றியது என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டி வையுங்கள். ஒரு காயில் போன வண்டியில் மற்றவையும் அதே வயதுதான், அடுத்தது எப்போது என்று கணக்கிட அந்தச் சீட்டு உதவும்.